உள்பக்கம் திறக்கும் கதவு

தனியாகப் பயணம் போகிறவர்களுக்கு ரயில் மாறுவதோ, தெரியாத ஊரில் வழி கேட்பதோ பெரிய கஷ்டமில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் கஷ்டம். கையில் ஸ்பூன் இருக்கும், கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாது. பக்கத்து மேசையில் யாராவது சிரித்தால் நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். நேற்று நீங்கள் எனக்கு சூப் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிறவரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். எல்லோருக்கும் அது தோன்றாது.

என் மொழியிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது, அவசரமில்லை என்றீர்கள். எழுதுகிறேன். நேற்று வாயால் சொன்னதில் சில இடங்களைத் திருத்தவும் வேண்டியிருக்கிறது. பெரிய பொய் எதுவும் சொல்லவில்லை. பதற்றத்தில் முன்னும் பின்னுமாகச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

என் பெயர் ஹிஸ்கே. ஊர் ஹார்லிங்கன், ஹாலந்தின் வடக்குக் கடலோரம். வெண்ணெய்த் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நான் பயந்த சுபாவம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இதைச் சொல்லாமல் மற்ற எதையும் சொல்ல முடியாது. பல் டாக்டரிடம் போவதென்றால்கூட அக்கா டௌட்சன் கூட வர வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அம்மா கையில் கொடுத்துவிடுவேன். வீட்டில் இது ஒரு தமாஷ். எங்கள் ஊரில் பிறந்தநாள் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, மடியில் கேக் தட்டை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து போக முடியாது, எல்லோர் முழங்காலையும் தாண்ட வேண்டும். அந்த வட்டத்தில் என் பயங்கள்தான் ஒவ்வொரு வருஷமும் கேக்குக்கு அடுத்த பலகாரம். அக்கா என்னைப் போலவே நடித்துக் காட்டுவாள். நன்றாகவே நடிப்பாள்.

போன வசந்தத்தில் அப்படி ஒரு வட்டத்தில்தான் நான் சொன்னேன், ஐரோப்பா முழுக்க ரயிலில் சுற்றப் போகிறேன் என்று.

"யாரு கூட?" என்றாள் டௌட்சன்.

"தனியா."

"அதான், யாரு கூட தனியா?"

சித்தப்பாவுக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. நானும் சிரித்தேன். அன்றைக்கே முதுகுப்பை வாங்கினேன்.

அக்டோபர் தொடக்கத்தில் கிளம்பினேன். முதல் ஊர் ஜெர்மனியில் கொலோன். பயணிகள் ஹாஸ்டலில், ஆண் பெண் எல்லோருக்கும் பொதுவாக எட்டுக் கட்டில் போட்ட அறை. ஷூவைக் கழற்றாமல் படுத்தேன். பையின் வாரைக் கணுக்காலில் கட்டிக்கொண்டேன். எதிர்க்கட்டிலில் ஒருவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அது நின்றதும்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. ஏன் நின்றது, எழுந்துவிட்டானா, எங்கே பார்க்கிறான்? விடிந்ததும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். அடுத்த ரயிலில் எதிரே உட்கார்ந்த பெரியவர் ஒருவர் எங்கே போகிறாய் என்று கேட்டார். நான் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டேன். அவருக்கு எழுபது வயதிருக்கும். மடியில் பூந்தொட்டி வைத்திருந்தார்.

தனி அறை கிடைத்த ஊர்களில் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் படுத்தேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். கதவுக்கு எதையாவது முட்டுக்கொடுப்பது என் பழக்கம். தனியாகப் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள்.

கோர்மக்கை ரேகன்ஸ்பர்க் ஹாஸ்டலின் சமையலறையில் பார்த்தேன். அங்கெல்லாம் ஊரைவிட்டுப் போகிறவர்கள் மிச்சமான சாமான்களை ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்கள். அரைப் பாக்கெட் பாஸ்தா, கொஞ்சம் உப்பு, யாரும் தொடாத ஒரு ஜாடி ஊறுகாய். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த அலமாரியில் தலையை விட்டுக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். நான் மூலையில் நின்றபடி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.

"பிஸ்கட்டையே தின்னுட்டு ஐரோப்பாவைச் சுத்தலாம்னு எந்த டாக்டர் சொன்னாரு உனக்கு?" என்றான் திரும்பாமலே.

நான் இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன்.

"நீ பேச வேணாம். ரெண்டு பேருக்கும் சேத்து நான் பேசறேன். எனக்கு அது ஒரு வியாதி. உக்காரு."

அயர்லாந்துக்காரன். கிராமத்துப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். காது கொஞ்சம் பெரியது. ஒரு பிள்ளை குறைந்தாலும் வண்டியை எடுக்க மாட்டேன் என்றான். ஒரு தடவை ஒரு பையனுக்காகப் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தானாம். கடைசியில் அந்தப் பையன் பின்சீட்டுக்கு அடியிலேயே தூங்கிக்கொண்டிருந்தானாம். அவன் பேசிக்கொண்டே பாஸ்தா செய்து போட்டான், நான் சாப்பிட்டேன். ஒரு வாரத்தில் முதல்முறையாக மேசையில் உட்கார்ந்து, சூடாக. அழுகை வந்தது. மிளகு ஜாஸ்தி என்றேன்.

நேற்று, அவன் ஊர் ஊராக என் பின்னாலேயே வந்தான் என்று சொன்னேன். உங்கள் உதவியாளர் அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். அதைத் திருத்துகிறேன். அவன் வடக்கே ப்ராக் போவதாக இருந்தான். நான்தான் என் டிக்கெட்டைக் காட்டி, சால்ஸ்பர்க் நல்ல ஊராமே என்றேன். அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ப்ராக் எங்கேயும் ஓடிப்போகாது என்றான்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. கதவுக்குப் பக்கத்துக் கட்டிலை எடுக்காதே, ஹாஸ்டல் வாசலை ஒரு போட்டோ எடுத்து வை, வழி தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி நட, ரயிலைவிட்டு இறங்கும்போது யாரோ காத்திருப்பதுபோலக் கையை ஆட்டு. இதெல்லாம் அவன் சொல்லிக்கொடுத்தது. நான் ஷூவைக் கழற்றிவிட்டுத் தூங்கினேன். தப்பாக ஒரு பார்வைகூட அவன் பார்த்ததில்லை. நேற்று நீங்கள் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன், நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள். நான் மறுக்கவில்லை. இப்போது மறுக்கிறேன்.

உங்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். அவன் கூட இருந்த நாட்களில் எனக்குப் பயமே இல்லை. பயம் அதனால்தான் வந்தது.

எங்கே போனாலும் 'நீங்க ரெண்டு பேரும்' என்றார்கள். சாவி இரண்டாகத்தான் தந்தார்கள். என் போனில் இருந்த படங்களில் எல்லாம் நான் நடுவில் நின்றேன், கீழே புல்லில் அவன் நிழல் விழுந்திருந்தது, காதோடு. சால்ஸ்பர்க்கில் இருந்தபோது டௌட்சன் போன் செய்தாள்.

"பயமா இருக்கா?"

"இல்லையே."

"ராத்திரி தூங்கறியா?"

"நல்லா தூங்கறேன்."

அவள் ஒரு நிமிஷம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அப்போது சமையலறையிலிருந்து கோர்மக் கத்தினான். "ஹிஸ்கே, உனக்கு வெங்காயம் போடலாமா?"

டௌட்சன் சிரிக்க ஆரம்பித்தாள். "அதானே பாத்தேன். யாரு அது?"

"யாரோ."

"யாரோ ஒருத்தனுக்கு உன் பேரு தெரியுது, நீ வெங்காயம் திம்பியா மாட்டியாங்கறது மட்டும்தான் தெரியல. சரி சரி, கோவிச்சுக்காத. புள்ளைய ஒருத்தன் கையில ஒப்படைச்சாச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடறேன். பாவம், ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டு இருக்காங்க."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நாற்காலி வட்டம் கண்முன் வந்து நின்றது. 'வெங்காயம் போடலாமா?' என்று அக்கா அவன் குரலில் கேட்பாள். இந்த வருஷம், அடுத்த வருஷம், என் கல்யாணத்தில், என் பிள்ளைகள் முன்னால். நான் இருக்கிறவரைக்கும் அந்த வட்டத்தைவிட்டு எழுந்து போக முடியாது. கொலோன் அறையில் இருந்த பயம் இதன் கால்தூசிக்கு வராது. அது விடிந்தால் போய்விடுகிற பயம். இது விடிகிற பயமில்லை.

மலை சூழ்ந்த இந்த இன்ஸ்ப்ரூக் வந்ததும் அவனிடம் சொல்லிவிட்டேன். இனி நான் தனியாகப் போகிறேன் என்று. அவன் கோபப்பட்டான், மிரட்டினான் என்று நேற்று சொன்னது சரியல்ல. அவன் சொன்னது இதுதான். "தாராளமா போ. முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நான்பாட்டுக்கு ஒட்டுப்புல் மாதிரி ஒட்டிக்கிட்டு வந்துட்டேன்." பிறகு தன் மலை வரைபடத்தை மடித்து என் பையில் வைத்தான். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. அவ்வளவுதான்.

ஹாஸ்டலை நடத்துகிற வால்ட்ரவுட்டிடம் மலைமேல் தங்க இடம் இருக்கிறதா என்று விசாரித்தேன். யாரும் இல்லாத இடமாக வேண்டும் என்றேன்.

"மலையேறறவங்க தங்கற மேல் குடிலைப் போன வாரமே மூடிட்டாங்க. பக்கவாட்டுல குளிர்கால அறை மட்டும் எப்பவும் திறந்திருக்கும். விறகு இருக்கு, அடுப்பு இருக்கு. தங்கிட்டு, பெருக்கிட்டு, எரிச்ச அளவுக்கு விறகு பிளந்து வச்சுட்டு, கதவைச் சாத்திட்டு வரணும். வேற சட்டம் ஒண்ணும் கிடையாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொண்ணு இருக்கு. ஆயிரம் மீட்டருக்கு மேல போயிட்டா யாரும் யாரையும் 'நீங்க'ன்னு கூப்பிடறதில்ல. மந்திரியா இருந்தாலும் 'நீ'தான். யார் வந்து தட்டினாலும் நகந்து படுத்து இடம் கொடுக்கணும்" என்றாள்.

"இப்ப யாராச்சும் வருவாங்களா?"

"சாயந்திரம் பனி கொட்டும்னு சொல்லியிருக்காங்க. வந்தா பைத்தியம்தான் வரும்." சிரித்தாள். "எங்க போறேன்னு என்கிட்ட சொன்னியே, அது நல்ல பழக்கம். சொல்லாம போறவங்களைத்தான் நாங்க தேடிக்கிட்டு அலையறோம்."

அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவனும் கோர்மக்தான்.

மத்தியானத்துக்கு முன்பே பஸ் அடிவாரத்தில் இறக்கிவிட்டது. எங்கள் ஊரில் மேடு என்றால் கடல் அணைக்கரைதான். அதிலேயே எனக்கு மூச்சு வாங்கும். காட்டைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. முன்னால் இருந்த பாதை தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் வந்த பாதையும் இல்லை. பின்னால் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது. பையின் வார் உலோக வளையத்தில் உரசுகிற சத்தம் என்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆனது. பாறையில் அடித்திருந்த சிவப்பு வெள்ளைக் கோட்டை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் போனேன். வாய்விட்டுப் பேசிக்கொண்டும் போனேன். யாரிடம் என்று கேட்காதீர்கள்.

குடிலுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம். ஆனால் போய்ச் சேர்ந்தேன். நானே. அடுப்பை நானே பற்றவைத்தேன். அறையில் நான்கு கட்டில், ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு கோடரி. ஸ்வெட்டரைத் தேடியபோதுதான் என் தடித்த ஜாக்கெட்டை ஹாஸ்டலின் துணி உலர்த்தும் அறையிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. பரவாயில்லை, கம்பளிகள் இருந்தன.

கதவைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டீர்கள். அது உள்பக்கம் திறக்கிற கதவு. வெளியே பனி குவிந்தாலும் உள்ளே இருக்கிறவர்கள் அடைபட்டுப்போகக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது, வெறும் கொக்கிதான். காற்று எழுந்ததும் அது தானாகக் கழன்று கதவு படாரென்று திறந்தது. பனி மேசைவரை வந்தது. அதனால் பெஞ்சை இழுத்து முட்டுக்கொடுத்தேன். காற்றுக்காகத்தான். நேற்றும் இதையே சொன்னேன். இது முழுக்க உண்மை. பெஞ்சை வைத்தபோது வெளியே யாரும் இல்லை.

பிறகு ஒருவர் இருந்தார்.

அந்தி நேரம். இன்னும் வெளிச்சம் இருந்தது. கதவு தட்டப்பட்டது. காற்றுதான் என்று நினைத்தேன் என்று நேற்று சொன்னேன். முதல் தட்டல்வரை அப்படித்தான் நினைத்தேன். கையில் கோடரி இருந்தது, எப்போது எடுத்தேன் என்று தெரியாது. இந்த மலையில், இந்தப் பனியில், யார்? மனிதனாகவே இருக்க முடியாது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. அந்தப் பயத்தை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"ஹிஸ்கே, நான்தான். கோர்மக்."

அதற்குப் பிறகும் பயந்தேன். அதை எப்படி எழுதுவதென்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். குரலைக் கேட்டதும் கோடரியைக் கீழே வைத்துவிட்டேன். அடுப்பில் ஒரு கட்டை போட்டேன். பயம் மட்டும் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

"உன் ஜாக்கெட்டை விட்டுட்டு வந்துட்ட. வால்ட்ரவுட் பனி வரும்னு சொன்னா. சரி, கொண்டுபோய்க் கொடுத்துட்டு உடனே திரும்பிடலாம்னு வந்தேன். கதவு திறக்க மாட்டேங்குதே, உள்ள ஏதாவது மாட்டியிருக்கா பாரு."

நான் பெஞ்சை நகர்த்தவில்லை. அவன் சிரித்தான்.

"என்ன மகாராணி, அனுமதிச் சீட்டு வேணுமா? கால் வழுக்கி ஓடையில விழுந்துட்டேன், இடுப்பு வரைக்கும் நனைஞ்சு போச்சு. உள்ள விட்டா வேணும்னா ஒரு பாட்டு பாடறேன். விடலைன்னாலும் பாடுவேன்."

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. புகைபோக்கியிலிருந்து புகை போவது தெரிகிறது, உள்ளே இருக்கிறாய் என்று தெரியும், உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா, ஒரு வார்த்தை சொல் என்றான். அவன் பயந்தது எனக்காகத்தான், குரலில் தெரிந்தது. அதனால் பதில் சொன்னேன். பதிலே சொல்லவில்லை என்பது நேற்றைய வாக்குமூலம். இதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. நான் தனியா வந்திருக்கேன்" என்றேன்.

பிறகு அவன் கதவுக்கு மிக அருகில் வந்து பேசினான், பஸ்ஸில் பயந்த பிள்ளையிடம் பேசுகிறவன் போல.

"தெரியும் ஹிஸ்கே. நீ தனியாதான் வந்த. நான் ஒரு மூலையில படுத்துக்கறேன். காலைல நீ முதல்ல இறங்கு. நீ கீழ போனதுக்கப்புறம் நான் கிளம்பறேன். நான் இங்க வந்ததே யாருக்கும் தெரிய வேணாம். சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நான் அதை நியாயமாக யோசித்துப் பார்த்தேன். அவன் பொய் சொல்லுகிறவன் இல்லை. அந்த நேரத்தில் மனதாரத்தான் சொன்னான். ஆனால் அவன் கதை சொல்கிறவன். பின்சீட்டுக்கு அடியில் தூங்கிய பையனின் கதையை எனக்குச் சொல்லவில்லையா? ஐந்து வருஷம், பத்து வருஷம் கழித்து, ஏதாவது ஒரு சமையலறையில், மூலையில் பிஸ்கட் தின்கிற இன்னொரு பெண்ணிடம், அவள் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே, மலைமேல் ஜாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்த கதையைச் சொல்வான். பெயரை மாற்றிச் சொன்னாலும் அது நான்தான். நல்ல மனதோடுதான் சொல்வான். அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

தேநீர் போட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்துக் குடித்தேன். கதவின் அந்தப் பக்கம் அவனும் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பலகை வழியாக அவன் நடுங்குவது முதுகில் தெரிந்தது. மலையில் ஆபத்து என்றால் ஒரு நிமிஷத்தில் ஆறு தடவை தட்ட வேண்டும், பிறகு நிறுத்திவிட்டு மறுபடி ஆறு தடவை என்று சால்ஸ்பர்க்கில் அவன் சொல்லிக்கொடுத்திருந்தான். அதைத்தான் தட்டினான். எனக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது என்று நேற்று சொன்னேன். தெரியும்.

இருட்டிய பிறகு சொல்ல அதிகமில்லை. முதலில் ஆறு, பிறகு நான்கு, பிறகு எப்போதாவது ஒன்று. நான் தூங்கிவிட்டேன்.

அவன் பையில் ஒரு பெண்ணின் ஜாக்கெட் சுத்தமாக மடித்தபடி இருந்தது, ஏன் அதைப் போட்டுக்கொள்ளவில்லை என்று என்னிடம் கேட்டீர்கள். அது என் ஜாக்கெட். அவனுக்குச் சின்னதாக இருக்கும், ஆனால் தோளிலாவது போர்த்தியிருக்கலாம். நனைந்துவிடக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ. இது அவனுடைய முடிவு, என்னுடையதல்ல. என் மீது பழி சொல்லும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காலையில் வானம் வெளுத்திருந்தது. பெஞ்சை நகர்த்தினேன். உள்பக்கம் திறக்கிற கதவென்று சொன்னேன் அல்லவா? திறந்ததும் அவன் உள்ளே வந்தான். முதுகு முதலில் வந்தது, பிறகு தலை. என் காலடியில் சாய்ந்தான். புருவத்தில் பனி கட்டியிருந்தது. காது மட்டும் கன்றிச் சிவந்திருந்தது. இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அப்போதும் பயம்தான், வேறென்ன.

பிறகு வேலைகளைப் பார்த்தேன். சாம்பலை அள்ளினேன். எரித்த அளவுக்கு விறகு பிளந்து அடுக்கினேன். தரையைப் பெருக்கினேன், அவனைச் சுற்றியும். கம்பளிகளை உதறி மடித்தேன். கடைசியாகக் கதவைச் சாத்த வேண்டும். அவன் இடுப்புவரை உள்ளே இருந்தான், சாத்த முடியவில்லை. அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்து, சுவரோரம், காற்று குறைவாக இருந்த பக்கமாக உட்காரவைத்தேன். பனியில் இருந்த இழுத்த தடம் அதுதான். அந்த அறையை எப்படி விட்டுவிட்டு வர வேண்டுமோ அப்படி விட்டுவிட்டு வந்தேன். நீங்கள் போய்ப் பார்த்தீர்கள். குறை சொல்ல முடியாது.

முன்பக்கம் ஒரு மேட்டில் சிக்னல் வந்தது. போனைக் கல்லில் சாய்த்துவைத்து என்னை நானே ஒரு படம் எடுத்தேன். பின்னால் மலை, நல்ல வெயில், பனியில் ஒரே ஒரு நிழல். அதை டௌட்சனுக்கு அனுப்பினேன். படம் போகிற அளவுக்கு சிக்னல் இருந்தது, மீட்புக் குழுவைக் கூப்பிட மட்டும் இல்லையா என்று கேட்டீர்கள். இருந்தது.

அடிவாரத்துக்கு வந்துதான் சொன்னேன், மேலே ஒருவர் கிடக்கிறார், யாரென்று தெரியாது என்று. உங்கள் ஆட்கள் போனபோது உயிர் போய் அதிக நேரம் ஆகியிருக்கவில்லை, முற்பகலில்தான் போயிருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். காலையில் பார்த்தபோதே இறந்திருந்தான் என்று நான் சொன்னதோடு அது ஒத்துப்போகவில்லை என்று அந்தத் தாளை என் முன்னால் வைத்தீர்கள். டாக்டர் சொல்வது சரி. சுவரோரம் உட்காரவைத்தபோது அவன் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான், அடையாளமும் தெரிந்தது. ஏதோ கேட்டான், காதை வாயருகே கொண்டுபோனேன். 'நீ நல்லாருக்கியா?' என்று கேட்டான் என்று நினைக்கிறேன். நல்லாயிருக்கேன் என்றேன்.

இவ்வளவுதான் நடந்தது. கதவைத் திறக்காதது நான், அவனை வெளியே இழுத்துவைத்ததும் நான், கூப்பிடாமல் இறங்கி வந்ததும் நான். கேட்கிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையெல்லாம் வேறு யார் சொல்லியும் செய்யவில்லை. ஒருவரிடமும் யோசனை கேட்கவில்லை. பல் டாக்டரிடம் போகவே துணை வேண்டியிருந்தவள் நான்.

ஒரு கோரிக்கை. உங்கள் அறிக்கையின் தொடக்கத்தில் 'சேர்ந்து பயணம் செய்த இருவர்' என்று டைப் அடித்திருக்கிறீர்கள். அதை மாற்றிவிடுங்கள். நாளைக்கு டௌட்சன் வருகிறாள். நான் இந்த மலைக்கு யார் கூட வந்தேன் என்றுதான் முதலில் கேட்பாள். தனியாகத்தான் வந்தாள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டாள்.